எடுக்கும்போது தானாக, கொடுக்கும்போது மனு போட்டு

அமெரிக்க முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். அதன் ஒரு மூலையில் கிடக்கிறது 'மெடிகேர் சேவிங்ஸ் புரோகிராம்'. குறைந்த வருமானமுள்ள முதியவர்களின் காப்பீட்டுச் செலவை அரசே ஏற்கும் திட்டம். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமைத்த விதத்தில்தான் வில்லங்கம்.

"65 வயசானா அங்க வைத்தியம் இலவசம்தானே?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லைங்க. டாக்டர் செலவைப் பார்க்கும் 'பார்ட் பி'க்கு மாதாமாதம் பிரீமியம் உண்டு. 1966-இல் 3 டாலர், 2025-இல் 185 டாலர். அதுபோக அந்த வருஷத்தின் முதல் 257 டாலர் கைக்காசு. பிறகு பெரும்பாலான சிகிச்சைகளுக்கு 20 சதவீதம் நோயாளியின் பங்கு, அதற்கு உச்சவரம்பும் கிடையாது. மாதம் 1,300 டாலரில் காலம் தள்ளும் ஒரு பாட்டிக்கு, பிரீமியம் மட்டுமே ஏழில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

இதற்காக 1988-லிருந்து படிப்படியாக வந்தவைதான் இந்த உதவிகள். முதியோருக்கு முக்கியமானவை மூன்று. 2025 கணக்குப்படி, பெரும்பாலான மாநிலங்களில் தனியாளின் மாத வருமானம் 1,325 டாலருக்குள் இருந்தால் பிரீமியத்தோடு நோயாளியின் பங்கும் தள்ளுபடி. மெடிகேர் ஏற்கும் சிகிச்சைக்கு டாக்டர் அவருக்குத் தனியாக பில் அனுப்பவே கூடாது. 1,585 வரை இரண்டாம் படி, 1,781 வரை மூன்றாம் படி. இவற்றில் பிரீமியம் மட்டும் கிடைக்கும். மூன்றாம் படிக்கு ஒதுக்கிய நிதி அளவானது, முந்தியவருக்கே முதலிடம், வருஷா வருஷம் மறுபடி மனு போடணும்.

வருமானம் குறைவாக இருந்தால் மட்டும் போதாது. கையிருப்பும் 9,660 டாலருக்குள் இருக்க வேண்டும் என்றது 2025-இன் மத்திய விதி. வீடும் ஒரு காரும் கணக்கில் வராது, வங்கிச் சேமிப்பு வரும். அந்தப் பாட்டி ஈமச்சடங்குக்கும் அவசரத்துக்கும் என்று 12,000 டாலர் சேர்த்து வைத்திருந்தால், மொத்தத்தையும் காட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். சிக்கனமாக இருந்ததற்கு இதுதான் பரிசு!

விளைவு? அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு மெடிகெய்ட் பற்றி ஆலோசனை சொல்லும் மேக்பேக் ஆணையம் 2017-இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. தகுதியுள்ளவர்களில் முதல் படியில் சேர்ந்தவர்கள் 53 சதவீதம், இரண்டாம் படியில் 32, மூன்றாம் படியில் 15.

"விழிப்புணர்வு இல்லை" என்பது வழக்கமான விளக்கம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. பிரீமியம் எப்படி வசூலாகிறது பாருங்கள். ஓய்வூதியத்திலிருந்து தானாகவே கழிந்துவிடும், யாரும் மனு போட வேண்டாம். வசதியானவர்களிடம் கூடுதல் பிரீமியம் வாங்குவதற்கு, வருமான விவரத்தை வரித்துறையிடமிருந்து அரசே கேட்டு வாங்கிக்கொள்கிறது. ஆனால் ஏழைக்கு உதவ வேண்டிய இடத்தில் மட்டும், அதே அரசு எதுவும் தெரியாதது போல உட்கார்ந்துகொண்டு, வங்கிக் கணக்கு விவரத்தைக் கொண்டா என்கிறது. அதையும் மாநில மெடிகெய்ட் அலுவலகத்தில் போய்த் தனியாகக் கேட்கணும். எண்பது வயதில், தனியாக இருப்பவருக்கு, இது சின்ன வேலையா?

பணக்காரர் யாராவது ஏழையென்று சொல்லிப் புகுந்துவிடுவாரே என்ற கவலை நியாயமானதுதான். வரித்துறைக் கணக்கில் சேமிப்பு தெரியாது என்பதும் சரி. ஆனால் கையிருப்புச் சோதனையையே தூக்கி எறிந்த மாநிலங்கள் இருக்கின்றன. நியூயார்க்கை விடுங்கள், தாராள மனசுக்காரர்கள் என்று சொல்லிவிடலாம். மெடிகெய்டை விரிவாக்க மறுத்துவரும் அலபாமாவும் மிசிசிப்பியும்கூட அந்தச் சோதனையை வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவருடைய பாஸ்புக்கையும் புரட்டும் செலவுக்கும் ஒரு கணக்கு உண்டல்லவா?

2023-இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. மாநிலங்கள் கைவசம் உள்ள தகவலைப் பயன்படுத்த வேண்டும், காகிதக் கெடுபிடியைக் குறைக்க வேண்டும் என்பது சாரம். சரியான திசை. ஆனால் 2025 ஜூலையில் கையெழுத்தான பெரிய பட்ஜெட் சட்டம், அது வரை நடைமுறைக்கு வராத பகுதிகளை 2034 செப்டம்பர் வரை நிறுத்தி வைத்துவிட்டது. உதவியை வெட்டவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வாசலைக் குறுகலாகவே வைத்திருப்பதும் ஒருவகை வெட்டுதான். 2025-இல் 75 வயதில் இருந்தவருக்கு அப்போது 84.

அமெரிக்காவில் வயதான உறவினர் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருமானம் வரம்பைக் கொஞ்சம் தாண்டினாலும் கேட்டுப் பாருங்கள். சில வருமானங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை, சில மாநிலங்களில் வரம்பே அதிகம். மாநிலந்தோறும் 'ஷிப்' என்ற இலவச ஆலோசனை மையம் இருக்கிறது. இதில் சேர்ந்துவிட்டால் மருந்துச் செலவுக்கான 'எக்ஸ்ட்ரா ஹெல்ப்' தானாகவே வரும். ஆக, தானாகக் கொடுக்க அந்த அரசுக்குத் தெரியாமல் இல்லை.