தவளை பாடிய நிறப்பாட்டு: சிறுவர் தொலைக்காட்சிப் பாடலொன்றின் நிலைபேறு

சிறுவர்க்கென ஆக்கப்படும் பாடல்களுள் மிகப் பலவும் அவற்றைக் கேட்ட சிறுவர் வளர்ந்ததும் மறைந்துபோவன. எண்ணையும் எழுத்தையும் நல்லொழுக்கத்தையும் கற்பித்தற்கெனப் பிறந்தமையால், கற்பித்து முடிந்ததும் அவற்றின் பணியும் முடிந்துவிடுகின்றது. ஏறியபின் ஏணியை யாரும் உடன் எடுத்துச் செல்வதில்லை. ஆயினும், இப்பொதுவிதிக்கு அடங்காத சில பாடல்களும் உள. அவை சிறுவரோடு சேர்ந்து தாமும் வளர்கின்றன. ஐந்து வயதிற் கேட்டபோது ஒரு பொருளும், ஐம்பது வயதிற் கேட்கும்போது வேறொரு பொருளும் தருகின்றன. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1970ஆம் ஆண்டில் துணிப்பாவைத் தவளையொன்று பாடிய ‘பீயிங் கிரீன்’ என்னும் பாடல் அத்தகையது. ‘பச்சையாயிருத்தல்’ என்பது அதன் பெயரின் பொருள். அரை நூற்றாண்டு கடந்தபின்னும் அது பாடப்படுவதற்குக் காரணம் யாது என்பது ஆராய்தற்குரியது. ஏனெனில், சிறுவர் பாடல் எவ்வாறு அமையவேண்டும் என்ற வினாவுக்கு விடை தேடுவார் எல்லார்க்கும் அதில் ஒரு படிப்பினை உண்டு.

‘செசமி ஸ்ட்ரீட்’ என்னும் சிறுவர் நிகழ்ச்சி 1969ஆம் ஆண்டு நவம்பர் 10ஆந் திகதி முதன்முதலாக ஒளிபரப்பாயிற்று. பள்ளி செல்லும் பருவத்தை எய்தாத குழந்தைகள், சிறப்பாக நகரங்களில் வறுமையிடை வளரும் குழந்தைகள், பள்ளிக்கு ஆயத்தமாகவேண்டும் என்பதே ஜோன் கான்ஸ் கூனி முதலாய அதன் நிறுவுநரின் நோக்கம். விளம்பரப் பாட்டுகளைக் கேட்ட மாத்திரத்தில் மனனஞ் செய்யும் குழந்தைக்கு நெடுங்கணக்கையும் அவ்வழியே கற்பிக்கலாம் என்பது அவர்தம் துணிபு. ஆகவே அந்நிகழ்ச்சியின் பாடல்களிற் பல குறுகியன. திரும்பத் திரும்ப வரும் பல்லவியுடையன. எழுத்தொன்றையோ எண்ணொன்றையோ உள்ளத்திற் பதிக்க முயல்வன. அவற்றுட் பலவற்றுக்கு இசையமைத்தவர் ஜோ ரப்போசோ. போர்த்துக்கலிலிருந்து குடியேறிய குடும்பத்தில் 1937ஆம் ஆண்டு பிறந்த இவர், அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஃபோல் றிவர் என்னும் ஊரினர். ‘பீயிங் கிரீன்’ பாடலின் சொல்லும் இசையும் இவருடையனவே. பாடிய தவளையாகிய கேர்மிற்றுக்குக் குரலும் கையசைவும் கொடுத்தவர் ஜிம் ஹென்சன். தம் தாயாரின் பழைய மேலங்கியைக் கிழித்தும், மேசைப்பந்து ஒன்றை இரண்டாக வெட்டிக் கண்களாகப் பொருத்தியும் அவர் 1955இல் செய்த பாவை அது. தொடக்கத்தில் அது தவளையென்றுகூடத் திட்டமாகச் சொல்லப்படவில்லை. பின்னரே அது தவளையாயிற்று. தவளையானபின் தன் நிறத்தைப் பற்றி எண்ணலாயிற்று.

பாடலின் பொருள் மிக எளியது. தவளை தனியே இருந்து தன் நிறத்தை நொந்துகொள்கின்றது. இலைகளின் நிறமாக நாள்தோறும் இருப்பது இலேசான காரியமன்று; செம்மையோ மஞ்சளோ பொன்னிறமோ வாய்த்திருந்தால் நன்றாயிருக்கும். சுற்றியுள்ள சாதாரணப் பொருள்களோடு கலந்து மறைந்துவிடுவதனால், பளிச்சிடுவனவற்றையே நாடுகின்ற உலகத்தார் தன்னைக் காணாது கடந்துபோகின்றனர் என்பது அதன் முறையீடு. அதன்பின் ஒரு திருப்பம். பச்சை வேனிலின் தொடக்கத்துக்குரிய நிறம் என்பதும், குளிர்ச்சியும் நட்பும் அதற்கு உண்டென்பதும், பெரியனவும் உயர்ந்தனவும் சிலவும் அந்நிறத்தனவே என்பதும் அதற்குத் தோன்றுகின்றன. முடிவில், தான் பச்சை; அது அழகியது; அதுவாக இருக்கவே தான் விரும்புவது என்று அமைகின்றது.

இத்திருப்பத்தை உற்று நோக்குதல் வேண்டும். சிறுவர் கதைகளில் இத்தகைய மாற்றம் பெரும்பாலும் வெளியிலிருந்தே வரும். தேவதையொன்று தோன்றும், மூத்தோர் ஒருவர் அறிவுரை கூறுவர், அன்றேல் இகழப்பட்ட குறையே ஆபத்தில் உதவி, இகழ்ந்தோரை நாணச் செய்யும். இப்பாடலில் அவற்றுள் ஒன்றும் நிகழவில்லை. தவளையைத் தேற்றுவார் எவருமிலர். உலகமும் தன் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை. மாறியது தவளையின் நோக்கொன்றே. முற்பகுதியிற் குறையாகச் சொல்லப்பட்டது இலையின் நிறம். பிற்பகுதியில் உயர்வுக்கு எடுத்துக்காட்டாக நிற்பது மரம். இலையும் மரமும் வேறல்ல. இலையை இலையாக மட்டுங் கண்ட கண், அவ்விலைகளாலாய மரத்தைக் கண்டபோது துயரம் வேறு வடிவு கொள்கின்றது. புலவர் புதிய பொருளொன்றைக் கொணர்ந்து புகுத்தாது, முன்னர்க் கூறிய பொருளையே மீண்டுங் காட்டி உள்ளத்தை மாற்றியமை இப்பாடலின் தலையாய சிறப்பாகும்.

வடிவத்திலும் இப்பாடல் சிறுவர் பாடலின் மரபை மீறியது. அடியீற்று இயைபு இதில் ஏறக்குறைய இல்லை. கூடிப் பாடுதற்குரிய பல்லவி இல்லை. கைகொட்டுதற்கேற்ற விரைந்த தாளமும் இல்லை. தனக்குத்தானே பேசிக்கொள்பவன் சொற்களைத் தேடித் தயங்கிச் செல்லும் நடையே இதன் நடை. இசை அத்தயக்கத்தைப் பின்பற்றி மெல்லச் செல்கின்றது. ஹென்சனின் குரலும் பயின்ற பாடகர் குரலன்று. பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்டது. கூட்டமாகப் பாடுதற்குரிய பாடல்களிடையே, தனியே கேட்டற்குரிய பாடலொன்று சிறுவர்க்கு அளிக்கப்பட்டது. தனிமைத் துயர் முதியோர்க்கே உரியது என எண்ணுவோர், வகுப்பறையின் பின்வரிசையிற் பேசாதிருக்கும் பிள்ளையைக் கூர்ந்து நோக்கியிரார்.

இனி, இப்பாடலின் மறைபொருள் பற்றி நோக்கலாம். பாடல் பிறந்த காலம் கருதற்பாலது. அமெரிக்காவிற் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது 1964இல். மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டது 1968இல். தோலின் நிறம் பற்றிய பேச்சு தெருவிலும் நீதிமன்றத்திலும் ஓயாது ஒலித்த காலம் அது. ‘செசமி ஸ்ட்ரீட்’ தெருவில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் அயலவராய் வாழ்ந்தனர். கறுப்பினத் தம்பதியரான கோர்டனும் சூசனும் அதன் நடுநாயகமாயினர். இக்காரணம் பற்றியே மிசிசிப்பி மாநிலக் கல்வித் தொலைக்காட்சி ஆணைக்குழு 1970 ஏப்பிரில் மாதத்தில் அந்நிகழ்ச்சியை ஒளிபரப்புவதில்லை எனத் தீர்மானித்தது. செய்தி வெளியாகி எங்குங் கண்டனம் எழவே, மே மாதத்தில் அத்தீர்மானம் கைவிடப்பட்டது. தவளைக்கு உயிர் கொடுத்த ஹென்சன் பிறந்ததும் இளமையிற் சிலகாலம் வளர்ந்ததும் அதே மிசிசிப்பி மாநிலத்திலேதான். அம்மாநிலத்துச் சதுப்புநிலச் சிறுவன் ஒருவன் ஆக்கிய தவளை, நிறத்தின் சுமையைப் பாடிய அவ்வாண்டிலேயே அம்மாநிலத்தின் வாயில் அதற்கு அடைக்கப்பட்டமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

ஆயின், பாடலில் மனிதரின் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தமிழணியிலக்கண நூலார் கூற்றின்படி நோக்கின் இது பிறிதுமொழிதலின் பாற்படும். தண்டியாசிரியர் இதனை ஒட்டணி என்பர். கருதிய பொருளை மறைத்து, அதனை விளக்குதற்குரிய பிறிதொன்றைச் சொல்லுதல் அதன் இயல்பு. எனினும் ஒரு வேறுபாடுண்டு. அணியிலக்கணத்தார் காட்டும் செய்யுள்களில் மறைந்த பொருள் ஒன்றே. அறிஞர் அதனைத் தெளிந்தெடுத்து உரைப்பர். இங்கோ மறைந்து நிற்கும் இடம் வெறுமையாகவே விடப்பட்டுள்ளது. அவ்விடத்தைக் கறுப்பினக் குழந்தை தன் நிறத்தால் நிரப்பலாம். உருவத்தாற் குறுகிய குழந்தையும், பேச்சுத் திக்கும் குழந்தையும், வேற்றுமொழி பேசும் வீட்டிலிருந்து வந்த குழந்தையும் தத்தங் குறையால் நிரப்பலாம். 1970களின் தொடக்கத்தில் ஜெசி ஜாக்சன் அதே தெருவிற் பல்லினச் சிறுவரைச் சூழ நிறுத்தித் தன்மானத்தை உரக்க முழங்குவித்தார். அம்முழக்கமும் வேண்டப்பட்டதே, அதன் வீறு இன்றுங் குன்றவில்லை. ஆயினும் முழக்கம் அதனை எழுப்பிய காலத்தோடு பிணைந்து நிற்கும். தவளையின் முணுமுணுப்போ எக்காலத்தார்க்கும் இடங்கொடுப்பது.

பாடியோர் வரிசையே இதற்குச் சான்று. இத்தாலியக் குடியேறிகளின் மகனாகிய பிராங்க் சினாட்ரா இதனைப் பாடி 1971இல் வெளியான இசைத்தட்டிற் சேர்த்தார். அயர்லாந்துத் தீவின் பெல்பாஸ்ற் நகரத்தவரான வான் மொரிசன் 1973இற் பாடினார். கறுப்பினத்தாரென்பதனால் திரையுலகிற் பல தடைகளைக் கண்ட லீனா ஹோர்ண் அத்தவளையின் அருகிருந்தே பாடினார். ஏழு வயதளவிற் பார்வையை முற்றாக இழந்த றே சார்ள்ஸின் பாடல் 1975இல் வெளிவந்தது. நிறத்தைக் காணவியலாத ஒருவர், நிறம் காரணமாகப் பிறரால் வேறாகக் காணப்பட்ட ஒருவர், நிறத்தைப் பற்றிப் பாடும்போது அச்சொற்களுக்கு எத்துணைக் கனம் ஏறுகின்றது என்பதை விளக்கவேண்டுவதில்லை. அவருட் சிலர் சொற்களிற் சிறுமாற்றஞ் செய்தனரேனும் பாடலின் போக்கை மாற்றவில்லை. மாற்றாமலே ஒவ்வொருவர் வாயிலும் அது வேறு பாடலாயிற்று.

இப்பாடலுக்கு எதிராக எழக்கூடிய தடையொன்றுண்டு. அதனை எளிதில் ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. ‘தன்னைப் புறக்கணிப்போரைக் கேள்வி கேளாது, தன் நிறத்தோடு அமைந்துவிடுமாறு இப்பாடல் கற்பிக்கின்றது, இஃது இருக்கும் நிலையை ஏற்றுக்கொள் என்னும் பழைய போதனையே’ என்பது அத்தடை. ஏன் இவ்வாறு என வினவுதலையே தவளை ஈற்றிற் கைவிடுவதும் இக்கூற்றுக்கு அரணாகும். தாழ்த்தப்பட்டோரிடம் பொறுமையையும் மனநிறைவையும் எதிர்பார்த்தல் உயர்ந்தோர் எனப்படுவோர்க்கு என்றும் வாய்ப்பானது என்பதையும் மறுத்தற்கில்லை.

எனினும், பாடலைக் கூர்ந்து கேட்போர் இரு செய்திகளைக் காண்பர். முதலாவது, தவளை தன் முறையீட்டை மீட்டுக்கொள்ளவில்லை. உலகத்தார் தன்னைக் காணாது போகின்றனர் என்று கூறியதை, அது பொய்யென்று பின்னர்க் கூறவில்லை. அவ்வுண்மை இறுதிவரை நிற்கின்றது. இரண்டாவது, அமைதலுக்கும் விரும்புதலுக்கும் இடையே பெரிய வேறுபாடுண்டு. வேறு வழியின்மையாற் பச்சையாயிருத்தல் அடிமைத்தனம். பச்சையை விரும்பிப் பச்சையாயிருத்தல் உரிமை. பாடல் முதலதில் தொடங்கி இரண்டாவதில் முடிகின்றது. தன்னை வெறுப்பவன் தனக்காகப் போராடுதல் அரிது. ஆகவே தவளை அடைந்த நிலை போராட்டத்தின் முடிவன்று. அதன் முதற்படியெனக் கொள்ளுதலே பொருந்தும். ஆயினும் மேற்படிகள் பாடலில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். கடந்துபோவோர் திருந்தவேண்டிய பொறுப்பு அப்படியே எஞ்சியுள்ளது. இப்பாடலைக் கேட்டு இகழப்பட்ட பிள்ளை ஆறுதலடைந்துவிட்டது என மகிழ்ந்து, இகழ்ந்தாரைத் திருத்தாது விடும் ஆசிரியர் பாடலின் பாதியையே கேட்டவராவர்.

புகழ் வேறு, நிலைபேறு வேறு என்பதும் இங்குக் கருதத்தக்கது. பச்சையாயிருத்தல் இலேசன்று என்னும் தொடர் ஆங்கிலத்தில் ஒரு பழமொழியளவுக்குப் பரவி, பாடலை அறியாதார் வாயிலும் வழங்குகின்றது. பச்சை என்பது சூழல் பேணுதலுக்கு அடையாளமானபின் செய்தித் தலைப்புகளிலும் விளம்பரங்களிலும் அது இடம்பெற்றது. 2006இல் ஒரு மோட்டார் நிறுவனம், எரிபொருள் சிக்கனமான தன் வண்டியை அத்தவளைக்கே காட்டி, பச்சையாயிருத்தல் இலேசுதான் என அதன் வாயாலேயே சொல்லுவித்தது. நகைச்சுவை நன்றெனினும், பாடலின் உயிர் அங்கில்லை. பச்சையாயிருத்தல் இலேசாயிருந்திருப்பின் அப்பாடல் தோன்றியேயிராது.

அதன் உயிர் எங்கிருந்தது என்பதை 1990ஆம் ஆண்டு மே மாதம் உலகம் கண்டது. ஹென்சன் ஐம்பத்து மூன்று வயதிலேயே மே 16ஆந் திகதி காலமானார். ஐந்து நாட்களின்பின் நியூயோர்க் நகரின் புனித யோவான் பேராலயத்தில் நடந்த நினைவு வழிபாட்டில், ‘செசமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சியின் பெரிய மஞ்சட் பறவையின் உடையிலே வந்த கரோல் ஸ்பினி இப்பாடலைப் பாடினார். தவளை எக்காலும் பெற விரும்பிய பளிச்சிடும் மஞ்சள் நிறத்தையுடைய பறவை, மறைந்தவருக்காகப் பச்சையைப் புகழ்ந்து பாடியது. ஆறுதல் கூறும் பாடலென்று சிறுவர்க்கு எழுதப்பட்ட ஒன்று, இரங்கற்பாவாகவும் நின்றது. எழுதிய ரப்போசோ அதற்கு முந்திய ஆண்டிலேயே மறைந்துவிட்டார்.

தமிழிற் பச்சை என்னும் சொல் நிறத்தை மட்டுங் குறிப்பதன்று. ஈரத்தையும் இளமையையும் முதிராமையையும் அது குறிக்கும். பிறந்து சில நாளே ஆனதைப் பச்சைக் குழந்தை என்பது வழக்கு. அவ்வகையில் நோக்கின், பச்சையாயிருத்தலின் துன்பம் குழந்தையாயிருத்தலின் துன்பமுமாகும். பெரியோரால் காணப்படாது கடந்து செல்லப்படுதல் குழந்தைகள் எல்லார்க்கும் பொதுவான அனுபவமன்றோ? அத்துன்பம் உண்டென்பதை மறைக்காது சொல்லிய துணிவே இப்பாடலை நிலைபெறச் செய்தது. சிறுவர்க்கு எழுதப்புகுவோர் பலர் மகிழ்ச்சியையும் அறிவுரையையும் மட்டுமே ஊட்ட முயல்கின்றனர். குழந்தையின் துயரை முதலில் உள்ளபடி ஏற்று, அதன்பின் அது தானே நிமிர்ந்து நோக்கும்வரை காத்திருத்தல் அரிய ஆற்றல். ‘பீயிங் கிரீன்’ அதனைச் செய்தது. ஆகவே அதனைக் கேட்ட குழந்தைகள் முதியோராகியபின்னும் அது உடன் வருகின்றது.