உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரு மருந்தா, இரண்டா?

ராஜபாளையத்து மாந்தோப்புகளிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு அடிவாரத்திலும் உழைக்கிறவர்களுக்கு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டால் டெங்கு, டைபாய்டு, எலிக் காய்ச்சல் எனச் சந்தேகம் போகும். உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. இதன் பாக்டீரியா ரத்தக் குழாய்களின் உட்சுவரில் குடியேறி நுரையீரல், கல்லீரல், சிறுநீரகத்தைப் பழுதாக்கும். வழக்கமான ரத்தக் கல்ச்சரில் வளராது. செஃப்ட்ரியாக்சோன் ஊசி இதனிடம் பலிக்காது.

பலிப்பவை டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும். முற்றிய நோயில் எது மேல்? வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. நோயாளிகள் 794 பேர், மருத்துவமனைகள் 7, மருந்து நரம்பு வழியாக 7 நாள். யாருக்கு எந்த மருந்து என்பது மருத்துவருக்கே தெரியாது.

28 நாளுக்குள் மரணம், 7-ஆம் நாளிலும் தீராத உறுப்புப் பாதிப்பு, 5-ஆம் நாளிலும் தணியாத காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தாலும் தோல்விக் கணக்கு. டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47 விழுக்காடு, அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48, இரண்டும் பெற்றவர்களில் 33. ஏழெட்டுப் பேருக்குச் சேர்த்துக் கொடுத்தால் ஒருவர் இந்தத் தோல்வியிலிருந்து தப்புகிறார். பக்கவிளைவும் கூடவில்லை.

ஆனால் மரணம் மூன்று பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆதாயமெல்லாம் உறுப்புகள் சீக்கிரம் தேறுவதிலும் காய்ச்சல் தணிவதிலும்தான். ஆகவே இந்தக் கூட்டை உயிர்காக்கும் மருந்தென்று சொல்ல இந்த ஆய்வில் இடமில்லை. அதற்காக ஆதாயத்தைச் சிறிதென்று தள்ளவும் மாட்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் கூடும் ஒவ்வொரு நாளும் கூலிக் குடும்பத்துக்குக் கடன்.

என் முடிவு இது: உறுப்பு பாதித்துச் சேர்க்கப்பட்டவருக்கு முதல் நாளிலிருந்தே இரண்டும் தரலாம். புறநோயாளியாக நடந்து வருகிறவருக்கு இந்த ஆய்வைக் காட்டி இரண்டையும் எழுதக்கூடாது. அவரைப் போன்றவர்கள் அதில் சேர்க்கப்படவேயில்லை. விலை மலிவான டாக்சிசைக்ளின் மாத்திரை, நேரத்தோடு கொடுத்தால், அவருக்குப் போதும். அசித்ரோமைசினை வீணாய் இறைத்தால், டைபாய்டுக்கு நம்மிடம் மிஞ்சியிருக்கும் ஒருசில மாத்திரைகளில் ஒன்று கெட்டுப்போகும்.

மருத்துவர்களே, இந்த நோயை நேரத்தோடு கண்டுபிடிக்க, அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருகிய பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்காததால் நோயாளி சொல்லமாட்டார். தோப்புக்கோ புதர்க்காட்டுக்கோ போய்வந்தபின் காய்ச்சல் கண்டவர்கள், கேட்காவிட்டாலும் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.