நல்ல ஹோட்டல் எது?

"மாப்ளே, மெட்ராஸ்ல நல்ல ஹோட்டல் எதுடா?"

கும்பகோணத்திலிருந்து என் பள்ளித் தோழன் போனில் கேட்டான். சென்னைக்கு வருகிற எல்லோரும் என்னிடம் கேட்கிற கேள்விதான். நானும் வழக்கம்போல பதிலுக்கு மூன்று கேள்வி கேட்டேன். "எந்த வேளைக்கு? யாரோட வர்றே? பாக்கெட்ல எவ்வளவு இருக்கு?"

கொஞ்ச நேரம் மௌனம். "அப்பாவை ஜி.ஹெச்.ல சேர்க்கணும்டா. பத்து நாள் ஆகும்னு சொல்றாங்க. அம்மாவும் கூட வர்றாங்க."

சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவன் என்ற பந்தாவில் நான் ஜாலியாகக் கேட்கிற மூன்று கேள்விகள், அன்றைக்கு ஜாலியாக இல்லை. அந்தப் பத்து நாளும் இந்த நகரத்து ஹோட்டல்களை நான் வேறு கண்ணால் பார்த்தேன். ருசி மட்டும் போதாது சார். ஒரு ஹோட்டலுக்கு மார்க் போட வேண்டுமென்றால், கையில் காசு குறைவாக இருப்பவனை, தனியாக வருகிறவனை, மனசு சரியில்லாதவனை அது எப்படி நடத்துகிறது என்றும் பார்க்க வேண்டும்.

முதல் நாள் காலை. "பக்கத்துலயே அம்மா உணவகம் இருக்கு, போ" என்றேன். "அங்கயா?" என்று இழுத்தான். அந்த 'அங்கயா'வில்தான் பிரச்னையே இருக்கிறது. 2013-ல் சென்னை மாநகராட்சி ஆரம்பித்தபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். பத்து வருடம் தாண்டியும் அந்த இட்லி விலை ஏறவில்லை. சமைப்பதும் பரிமாறுவதும் சுயஉதவிக் குழுப் பெண்கள். நட்சத்திர ஹோட்டலின் பஃபேவைப் பற்றி அரைப் பக்கம் எழுதுகிற என்னைப் போன்ற ஆசாமிகள், இந்த 1 ரூபாய் இட்லியைப் பற்றி ஒரு வரி விமர்சனம் எழுதியதில்லை. பாராட்டுவார்கள், அல்லது அரசியல் பேசுவார்கள். ருசித்துப் பார்த்து மார்க் போட மாட்டார்கள். மலிவாகச் சாப்பிடுகிறவனுக்கு நாக்கு கிடையாதா என்ன?

என் மார்க் இதுதான். இட்லி, சூடு இருக்கும்வரை பாஸ். அதற்குக் காலை 7 மணிக்கே போய்விட வேண்டும். மதியம் கிடைப்பதில் தயிர் சாதம்தான் முதல் ரேங்க். வெயிலில் அலைந்து வருகிறவனுக்கு அதுதான் மருந்து. மார்க் குறைப்பது ஒரே ஒரு விஷயத்துக்கு. நின்றுகொண்டு சாப்பிடுகிற மேஜை. வேகமாகச் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு அது சரி. ராத்திரி முழுக்க வார்டு வராந்தாவில் படுத்து எழுந்த அறுபது வயது அம்மாவுக்குச் சரியில்லை.

இரண்டாம் நாள் மதியம் அவனைத் திருவல்லிக்கேணிக்குக் கூட்டிப் போனேன். அக்பர் சாகிப் தெரு, காசி விநாயகா மெஸ். மேன்ஷன்களில் தங்கி வேலை தேடிய, வேலை கிடைத்த, வேலை போன பல தலைமுறை பேச்சிலர்களுக்குச் சோறு போட்ட இடம். முதலில் டோக்கன், அப்புறம் வரிசை, அப்புறம் இலை. இங்கே ராஜ உபசாரம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் யாரும் உங்களை ஏற இறங்கப் பார்க்கவும் மாட்டார்கள். மேனேஜரும் அதே டோக்கன்தான், இன்டர்வியூவுக்கு வந்த பையனும் அதே டோக்கன்தான். தனியாக வருகிறவனுக்கு இதைவிட மரியாதையான இடம் கிடைப்பது கஷ்டம்.

ஏன் சொல்கிறேன் என்றால், நானும் ஒரு காலத்தில் அந்தப் பேட்டையில் வேலை இல்லாமல் திரிந்தவன். பெயர் வேண்டாம், ஒரு பெரிய ஏ.சி. ஹோட்டலில் ஒரு காபி மட்டும் ஆர்டர் செய்தேன். "காபி மட்டும்னா அந்தப் பக்கம் போய் உட்காருங்க" என்று கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து டேபிளைக் காட்டினார் சர்வர். காபி நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நான் போகவே இல்லை.

திருவல்லிக்கேணியிலேயே காலை டிபனுக்கு ரத்னா கஃபே. 1948-லிருந்து இருக்கிறது. நடத்துவது வடக்கிலிருந்து வந்த குடும்பம் என்றால் பலர் நம்ப மாட்டார்கள், சாம்பார் அப்படி! இங்கே இட்லிக்கு சாம்பார் தொட்டுக்கொள்வது கிடையாது. சாம்பாரில் இட்லி முழுகிக் கிடக்கும். தீர்ந்தால் ஜக்கோடு வந்து இன்னும் ஊற்றுவார்கள். லேசான இனிப்பும், நாசூக்கான புளிப்பும் கலந்த ருசி. சிலருக்கு அந்த இனிப்பு பிடிக்காது. அப்படிப்பட்டவர்கள் மயிலாப்பூருக்கு பஸ் ஏறலாம்.

கச்சேரி சாலையை ஒட்டிய அருண்டேல் தெருவில் ராயர் மெஸ். சின்ன இடம். உட்கார்ந்திருப்பவர் எழுந்தால்தான் நீங்கள் உட்காரலாம். பொங்கல், வடை, அதோடு அந்தக் கெட்டிச் சட்னி. சட்னியை ஊற்றாமல் வைப்பார்கள், அவ்வளவு கெட்டி! அவசரக்காரர்களுக்கு இது ஆகாது. ஞாயிற்றுக்கிழமை, பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பசியைக் கொஞ்சம் வளர்த்துக்கொண்டு போகவேண்டிய இடம். ஆஸ்பத்திரிக்கு எட்டு மணிக்குள் திரும்ப வேண்டிய என் நண்பனை அங்கே கூட்டிப் போகவில்லை. பொங்கலின் மேல் குற்றமில்லை. வேளைதான் சரியில்லை.

சாயங்காலம் கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று பாரிமுனைப் பக்கம் நடந்தோம். பர்மா பஜாரைத் தாண்டி, இரண்டாம் கடற்கரைச் சாலையில் தள்ளுவண்டிகள். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடை கண்ணிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கப்பலேறி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. அத்தோ! நூடுல்ஸில் முட்டைகோஸ், வெங்காயம், புளித் தண்ணீர், பொரித்த பூண்டு, மிளகாய்த் தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைப் பிளந்து உள்ளே வறுத்த வெங்காயத்தைத் திணித்துத் தருவதும் உண்டு. புளிப்பு, காரம், மொறுமொறு மூன்றும் ஒரே வாயில் வரும். சோறு அலுத்துப்போன நாக்குக்கு இது நல்ல மாற்று. ஆனால் வயிற்றை நம்புகிறவர்கள் மட்டும் சாப்பிடுங்கள்.

"ஊரை விட்டு ஓடி வந்தவங்க சாப்பாடு மாதிரியே இல்லையே மாப்ளே, திருவிழாச் சாப்பாடு மாதிரில்ல இருக்கு" என்றான். அந்தப் பத்து நாளில் அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆறாம் நாள் ராத்திரி நிலைமை வேறு. டாக்டர் ஏதோ சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் வேண்டியிருக்கலாம், காலையில்தான் தெரியும். பத்தரை மணிக்கு வெளியே வந்தவனுக்குப் பசியில்லை. எங்கேயாவது உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான். நானும் மனசுக்குள் இந்த ஊரின் ஹோட்டல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறேன். ருசிக்கு இருக்கிறது, வயிற்றுக்கு இருக்கிறது, அந்தஸ்துக்கு இருக்கிறது. இரண்டு காபிக்கு இரண்டு மணி நேரம் உட்கார ஓர் இடம் இல்லை.

ஒரு காலத்தில் இருந்தது. கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். 1962-லிருந்து 2008 வரை. மரத்தடியில் காரை நிறுத்தினால் கார் கதவிலேயே தட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். கார் இல்லாதவர்கள் உள்ளே உட்காரலாம். சினிமாக்காரர்கள், எழுத்தாளர்கள், மாணவர்கள், வரன் பார்க்க வந்தவர்கள் என்று எல்லோரும் அங்கேதான். டிபன் பிரமாதம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் 'எழுந்திரு' என்று சொல்லாத ஹோட்டல். அந்த இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்தது. பூங்கா அழகுதான். ஆனால் பூங்காவுக்கு டிக்கெட் உண்டு, மூடும் நேரம் உண்டு. இப்போதைய காபி ஷாப்களில் உட்கார விடுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நாற்காலி வாடகையும் சேர்த்துத்தான் ஒரு காபியின் விலை.

ராத்திரி விஷயத்தில் அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் ஆணை போட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் யோசித்துப் பாருங்கள். நடுராத்திரியில் ஆஸ்பத்திரி வாசலில், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பசியோடு நிற்கிறவனுக்கு இட்லி கொடுப்பது யார்? புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்துகிற தள்ளுவண்டிதானே! அங்கே 10 பேருக்கு எங்கே போவது?

கடைசியில் மெரினாவுக்குப் போனோம். சுண்டல் பையன் ஒருத்தன் வந்தான். ஆளுக்கு ஒரு பொட்டலம். ஒரு மணி வரை மணலில் உட்கார்ந்திருந்தோம்.

ஆபரேஷன் தேவைப்படவில்லை. பதினோராம் நாள் டிஸ்சார்ஜ். "இன்னிக்கு நீ பர்ஸைத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவனை அண்ணா சாலை புகாரிக்குக் கூட்டிப் போனேன். 1951-ல் ஏ.எம். புகாரி தொடங்கிய ஹோட்டல். உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் சிக்கன் 65 பிறந்த வீடு இதுதான் என்பார்கள். 65 நாள் வளர்ந்த கோழி, 65 மிளகாய் என்றெல்லாம் கதை உண்டு. 1965-ல் மெனுவில் ஏறியதால் 65 என்பது ஹோட்டல்காரர்கள் சொல்லும் கணக்கு. எனக்கு இந்தக் கணக்குதான் சரி என்று படுகிறது. மற்றதெல்லாம் கோழிக்கு மேல் தூவிய கறிவேப்பிலை. பிரியாணியில் இதைவிடக் காரசாரமானது இந்த ஊரில் நிறைய உண்டு. புகாரிக்கு நான் போவது அதற்கில்லை. ஒரு சந்தோஷத்தைக் கொண்டாட, கொஞ்சம் பழைய கம்பீரம் உள்ள ஓர் இடம் வேண்டும். அதற்குக் கொடுக்கிற காசு வீணில்லை.

அன்று ராத்திரி எழும்பூரில் ரயிலேற்றிவிடப் போனேன். அப்பா ஜன்னலோரம் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மாவிடம் சும்மா கேட்டு வைத்தேன். "பத்து நாள் மெட்ராஸ் சாப்பாடு எப்படிம்மா இருந்துச்சு?"

அவர் வார்டை விட்டு அதிகம் நகரவே இல்லை. ரத்னாவும் தெரியாது, புகாரியும் தெரியாது. காலையில் அந்த 1 ரூபாய் இட்லி, மதியம் தயிர் சாதம், இதுதான் அவருடைய சென்னை.

"நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. இட்லி மெத்துனு இருந்துச்சு. அந்தப் பொண்ணுங்க முகம் கோணாம போட்டாங்க. உக்காந்து சாப்பிட ரெண்டு ஸ்டூல் போட்டிருந்தா, இன்னும் ரெண்டு இட்லி சேர்த்துச் சாப்பிட்டிருப்பேன்."

மாநகராட்சி அதிகாரிகள் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தால், அந்த ஸ்டூலைக் கொஞ்சம் கவனிக்கவும்.