மூங்கில் கழியும் மிரளும் குட்டியும்

காட்டுக் குதிரையைப் பழக்குவது என்றால், ஒருவன் தாவி ஏற, அது துள்ளித் துள்ளி ஓய்வதுதான் என்று சினிமா பார்த்து நம்புகிறவர்கள் ஒரு சனிக்கிழமை அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துக்கு வரவேண்டும். நாங்கள் யாரும் ஏறுவதே இல்லை! வட்டமாக வேலி போட்ட பட்டி, மனித வாடையே ஆகாத ஒரு வயதுக் குட்டி, ஐந்தாறு பேர், நீளமான ஒரு மூங்கில் கழி. இதைவிடச் சுவாரசியமான பொழுதுபோக்கு இருந்தால் சொல்லுங்கள், பார்ப்போம்.

இவை மஸ்டாங் எனப்படும் காட்டுக் குதிரைகள். 1971ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றைப் பாதுகாக்கிறது. (அதற்காக ஓயாமல் போராடிய வெல்மா ஜான்ஸ்டனும் நெவாடாக்காரர்தான். எங்களுக்கு அதில் கொஞ்சம் கர்வம்.) மேய்ச்சல் நிலம் தாங்காத அளவு பெருகும்போது, அரசின் நில மேலாண்மைத் துறை சிலவற்றைப் பிடித்து, வளர்க்க முன்வருவோருக்குத் தருகிறது. திரவ நைட்ரஜனில் குளிரவைத்த அச்சால் இடது கழுத்தில் முத்திரை குத்துவார்கள். அங்கே மயிர் வெள்ளையாக முளைக்கும். வளர்ப்பவர் கைக்குப் போகும் முன் இவற்றைப் பழக்குவதுதான் எங்கள் குழுவின் வேலை.

கழி எதற்கு? அடிக்க அல்ல, சொறிந்துவிட! ஓரிகான் மாநிலத்து ஜான் ஷார்ப் பிரபலப்படுத்திய உத்தி இது. உதை எட்டாத தூரத்தில் நின்றபடி, பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் கழிநுனியால் மெல்லத் தேய்க்கவேண்டும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவதை ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். குட்டி முதலில் சிலிர்த்து ஓடும். ஓடட்டும். பிறகு நிற்கும். கழுத்து தாழும். உதடு தொங்கும். ஐயோ, அந்த உதடு!

குழுவின் அருமை இங்கேதான். கழி பிடிப்பவர் கண் கழிநுனியிலேயே இருக்கும். காது எந்தப் பக்கம் திரும்புகிறது, மூச்சு எப்போது இறங்குகிறது என்பதை வேலியோரம் நிற்பவர்கள்தான் கவனிப்பார்கள். “இப்ப எடுங்க!” என்று தணிந்த குரல் வரும். உடனே கழி விலகவேண்டும். அசையாமல் நின்றால் தொல்லை விலகும் என்பதைக் குட்டி அந்த நொடியில்தான் கற்கிறது. இடப்பக்கம் சம்மதித்தது வலப்பக்கம் போனால் புதிதாக மிரளும். சலிக்காமல் முதலிலிருந்து! கழியும் கை மாறிக்கொண்டே இருக்கும். நெட்டை, குட்டை, தொப்பிக்காரர், கீச்சுக் குரல்காரர் என்று எல்லாரையும் அது பார்த்துவிட வேண்டும். ஒரே பயிற்சியாளரிடம் மட்டும் சாதுவாக இருக்கும் குதிரையால் வளர்க்கப்போகிறவருக்கு என்ன லாபம்?

கழியின் நீளம் குறைந்து குறைந்து கை தொடும். பிறகு தலைக்கயிறு, கயிறு பிடித்து நடை, டிரெய்லரில் ஏற்றம். கடைசிப் பரீட்சை குளம்பு சீவுபவர் வரும் நாள். முரடு என்று பெயர் வாங்கிய எங்கள் செம்பழுப்புக் குட்டி நாலாவது காலையும் தானாகவே தூக்கிக் கொடுத்தபோது, கைதட்டினால் மிரண்டுவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு குதித்த எங்களைப் பார்த்து அந்த மனிதர்தான் மிரண்டுபோனார்.