எருதைத் தாங்குவது யாது? சீக்கிய ஞானமரபும் விஞ்ஞான நோக்கும்

பழைய ஞானமொழியையும் புதிய விஞ்ஞானத்தையும் ஒரே மேடையில் அமர்த்திக் கைகோர்க்கச் செய்யும் முயற்சி எல்லாச் சமயத்தாரிடையேயும் நடைபெறுவதே. கற்றறிந்த சீக்கியரிடையே அது சற்று மிகுந்த ஊக்கத்துடன் நடைபெற்று வருகின்றது. இதற்குக் காரணம் உண்டு. நாரிழை ஒளியியலின் முன்னோடிகளுள் ஒருவரான நரிந்தர் சிங் கபானி (1926–2020) சீக்கியர். அண்டக்கதிர் ஆய்விலே பெயர் பெற்ற பியாரா சிங் கில்லும் சீக்கியரே. கோதுமை வயலிலிருந்து பொறியியற் கூடத்துக்கு இரண்டு தலைமுறைக்குள் நடந்து வந்த ஒரு சமுதாயம், தன் வேதநூலுக்கும் ஆய்வுகூடத்துக்கும் பகை எதுவும் இல்லை என்று நிறுவ விழைவது இயல்பாகும். ஆனால் அவ்விழைவை நிறைவேற்ற அவர்கள் கைக்கொள்ளும் முறை தக்கதுதானா என்பதே நம்முன் உள்ள வினா.

அம்முறை நாம் அறியாததன்று. குரு கிரந்த சாகிப்பிலே எண்ணிறந்த உலகங்கள் பேசப்படுகின்றனவா? இன்றைய வானியல் அன்றே கூறப்பட்டுவிட்டது என்பர். படைப்புக்கு முன்னர் நெடுங்காலம் இருள் கவிந்திருந்ததாக ஒரு பாடல் கூறுகின்றதா? பெருவெடிப்புக் கொள்கை அதுவே என்பர். எண்பத்து நான்கு இலட்சம் பிறவிகள் என்ற பழைய கணக்கு வருமிடத்திலே டார்வினின் கூர்ப்புக் கொள்கையைக் கண்டு மகிழ்வர். கன்மத்துக்கேற்ப ஓருயிர் பிறவி மாறி வருவதும், சூழலுக்குத் தக்கன எஞ்சுவதால் இனங்கள் மாறி வருவதும் ஒன்றல்ல என்பதை ஓர் உயர்தர வகுப்பு மாணவனும் அறிவான். முன்னையதில் அறமும் மறமும் கணக்கிடப்படுகின்றன. பின்னையதில் அவற்றுக்கு இடமே இல்லை. நம்மிடையேயும் திருவண்டப்பகுதியை விரித்துரைக்கும் சொற்பொழிவாளர் சிலர் இதே வித்தையைச் செய்து கைதட்டல் பெறுவதைக் கேட்டிருக்கிறோம். கவிஞன் வியந்து பாடியதை அளந்து பாடியதாகக் காட்டுவது அவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நானக்கின் (1469–1539) கவிதையை அதன் போக்கிலேயே படித்துப் பார்த்தால் வேறொன்று புலனாகும். கிரந்தத்தின் தலைவாயிலாக அமைந்தது ஜப்ஜி. முப்பத்தெட்டுப் படிகளாக வகுக்கப்பட்ட அப்பாடலின் பதினாறாம் படியிலே, பூமியைத் தாங்கி நிற்கும் எருது பற்றிய பழங்கதை வருகின்றது. அக்காலத்துப் பாமர மக்கள் மெய்யென நம்பியிருந்த கதை அது. நானக் அதனை எள்ளி நகையாடவில்லை. எருது என்பது அறம், அந்த அறத்தைப் பெற்றெடுத்தது கருணை என முதலில் அதற்குப் புதுப்பொருள் கற்பிக்கிறார். அதனோடு நின்றிருந்தால் அவரும் உருவக விளக்கம் கூறிய நூறு ஞானிகளுள் ஒருவராகவே இருந்திருப்பார். நானக் மேலும் ஓரடி சென்று, பூமி ஒன்றல்ல, பலவெனக் கொண்டால் அந்த ஒற்றை எருதின் நிலை என்னாகும் என்ற பொருள்பட ஒரு வினாவையும் எழுப்புகிறார்.

இவ்வினாவிலேதான் விஞ்ஞான நோக்கின் சாயல் உண்டு. ஒரு விளக்கம் கூறப்பட்டால் அவ்விளக்கத்தைத் தாங்கும் விளக்கம் யாது எனக் கேட்பது அறிவின் முதற்படி. வகுப்பறையிலே, “அப்படியானால் எருது எதன்மேல் நிற்கிறது, சேர்?” என்று கடைசி வாங்கிலிருந்து எழும் குரலை நாம் அதட்டி அடக்காதிருந்தால் அங்கே ஒரு விஞ்ஞானி பிறக்கக்கூடும். சமரசம் பேசும் உரையாசிரியர்களோ இவ்வினாவைக் கடந்து ஓடிச்சென்று, ‘தாங்கும் வலு’ என்பது ஈர்ப்பு விசையே என முடிவு கட்டிவிடுகின்றனர். நானக் திறந்து வைத்த கதவை நியூட்டனின் பெயரால் அடைத்துவிடுகின்றனர்.

அதே பாடலின் இருபத்தோராம் படி இன்னும் கவனிக்கற்பாலது. படைப்பு நிகழ்ந்த நாளையும் பொழுதையும் பண்டிதரும் அறியார், காஜியாரும் அறியார், யோகியும் அறியார் என்ற கருத்து அங்கே வருகின்றது. அறிந்திருந்தால் அவரவர் நூல்களில் எழுதியிருப்பர் என்ற ஏளனமும் மெல்லியதாக இழையோடுகின்றது. மறைநூல்களை ஓதி வயிறு வளர்த்த இரு பெருங் கூட்டத்தாரையும் நோக்கி, உங்கள் ஏட்டில் இது இல்லை என்று கூறிய துணிவு சாதாரணமானதன்று. படைத்தவன் ஒருவனே அதை அறிவான் என நானக் முடிப்பது அவருடைய பக்தி. அந்த இடத்தில் விஞ்ஞானி அவரைவிட்டுப் பிரிந்து தன் வழியே செல்வான், செல்லவும் வேண்டும். ஆனால் ஏட்டில் இல்லை என்று ஒப்பிய ஒருவரின் ஏட்டிலேயே எல்லாம் இருக்கின்றன என்று இன்று வாதிடுவது விந்தையிலும் விந்தை.

பெருவெடிப்புக் கொள்கையின் மூலவர்களுள் ஒருவரான ஜோர்ஜ் லெமைத்ர் கத்தோலிக்கக் குருவானவர். 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அக்கொள்கை படைப்பை மெய்ப்பிப்பதாகப் பேசியபோது அதனை விரும்பாதவர் அவரே. நாளை கொள்கை மாறினால் விசுவாசமும் மாறவேண்டி வருமே என்ற தெளிவு, குருத்துவமும் கணிதமும் ஒருங்கே கற்ற அம்மனிதரிடம் இருந்தது.

‘ஹுக்கம்’ என்ற சொல்லைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். ஆணை என்பது அதன் பொருள். அனைத்தும் ஹுக்கத்துள் அடங்கியவை. அதற்குப் புறத்தே எதுவும் இல்லை. இவ்வளவில் அது இயற்கை விதியை ஒத்ததே எனலாம். ஆனால் அந்த ஹுக்கத்தை உணர்ந்தவனிடம் ‘நான்’ என்னும் செருக்கு ஒழியும் என்பது நானக் கருத்தின் மறுபாதி. இயற்கை விதியை உணர்ந்தவனுக்கு அத்தகைய உத்தரவாதம் எதுவும் இல்லை. அணுவைப் பிளந்தவர்களின் செருக்கு ஹிரோஷிமாவிலே விழுந்தது. உலக ஒழுங்கையும் மனித ஒழுக்கத்தையும் ஒரே சொல்லாற் பிணைத்ததே நானக் கவிதையின் வலிமை. ஹுக்கம் என்றால் பௌதிகவியல் விதி என்பவர் அதில் ஒரு பாதியை வெட்டி எறிந்துவிட்டு மறுபாதிக்கு மாலை சூட்டுகிறார்.

இச்சமரசவாதிகளின் விஞ்ஞான ஆர்வம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அறிய ஓர் உரைகல் உண்டு. வானியலும் பௌதிகமும் வேதநூலை நெருங்கித் தொடுவதில்லை. வரலாறும் மூலபாட ஆராய்ச்சியும் தொடுகின்றன. டபிள்யூ. எச். மக்லியொட் 1968இல் வெளியிட்ட நூலில், நானக்கின் வாழ்வைக் கூறும் ஜனம்சாக்கிக் கதைகளை ஒவ்வொன்றாகப் பரிசீலித்து, வரலாறென உறுதியாகக் கொள்ளத்தக்கது மிகச் சிறிதே என்றார். பாறையைக் கையால் தடுத்ததும், மக்காவில் கால்நீட்டிய திசைக்கெல்லாம் காபா திரும்பியதும் அவ்வாராய்ச்சியில் நிலைக்கவில்லை. கண்டனங்கள் குவிந்தன. 1604இல் குரு அர்ஜன் தொகுத்த ஆதி கிரந்தம் எவ்வாறு உருப்பெற்றது என்பதை ஆராய்ந்து டொரொன்டோவிலே கலாநிதிப் பட்டம் பெற்ற பஷௌரா சிங், 1994இல் அகால் தக்த் முன் அழைக்கப்பட்டுச் சமயத் தண்டனைக்கு உள்ளானார். தொலைநோக்கிக்கு வரவேற்பு, சுவடி ஆராய்ச்சிக்குத் தண்டனை. மேலைநாட்டு அறிஞர் சிலர் கீழைத்தேயச் சமயங்களை அணுகிய முறையிலே குடியேற்ற ஆட்சியின் வாடை வீசியதுண்டு என்பதை மறுக்கவியலாது. எனினும் சந்தேகம் வாதத்துக்குரியது, தண்டனைக்குரியதன்று.

இம்முரணைத் தம் வாழ்விலேயே சுமந்தவர் பூரண் சிங் (1881–1931). தோக்கியோவிலே மருந்து இரசாயனம் கற்று, டெஹ்ராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் இரசாயனவியலாளராகப் பணிபுரிந்தவர். யப்பானிலே சுவாமி ராமதீர்த்தரைக் கண்டு துறவு பூண்டு, பின்னர் அதனைக் களைந்து, 1912இல் சியால்கோட்டிலே பாய் வீர் சிங்கைச் சந்தித்து மீண்டும் சீக்கியரானவர். பஞ்சாபிக் கவிதையை யாப்பின் பிடியிலிருந்து விடுவித்த முன்னோடி. பகலில் மரங்களின் எண்ணெய்களை வடித்துப் பகுத்தாய்ந்த அதே மனிதர், கவிதையிலே பகுத்தாய்வை ஒதுக்கி உணர்வுப் பெருக்கிலே மிதந்தார். இரண்டையும் இணைக்க அவர் முயன்றதாகத் தெரியவில்லை, அருகருகே வைத்துக்கொண்டார். வேதத்துள் இரசாயனத்தைத் தேடிய போலித்தனத்தைவிட அது நேர்மையானது. கையுழைப்பைக் கொண்டாடி அவர் ஹிந்தியில் எழுதிய ‘மஜ்தூரி ஔர் பிரேம்’ என்னும் கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. ஆனால் உழைப்பாளியின் கையை வணங்கிய அவர், அக்கை ஏன் வெறுங்கையாக இருக்கிறது என்ற வினாவை எழுப்பவில்லை. உள்ளம் உருகும் இடத்தில் ஆராய்ச்சி வேண்டாமென்று விட்டதன் விளைவு இதுவே என்பது என் கருத்து.

அவ்வினாவை எழுப்பியவன் பகத் சிங். அவனைச் சீக்கிய மரபுக்கு மட்டும் உரியவனாகக் காட்டுவது பொருந்தாது. பாட்டனார் ஆரிய சமாசத்தைச் சார்ந்தவர். ஆயினும் தலைமுடி களையாது வளர்ந்த காலமும் தனக்கு உண்டு என்பதையும், அப்போதும் சமயக் கொள்கைகளில் நம்பிக்கை ஏற்படவில்லை என்பதையும் அவனே எழுதியிருக்கிறான். 1930 ஒக்ரோபரில் லாகூர்ச் சிறையிலே அவனைக் கண்ட பாய் ரந்தீர் சிங், கதர் இயக்கத்துக்காக நெடுஞ்சிறை அனுபவித்த வீரர், ஆழ்ந்த பக்தர். கடவுளை மறுப்பது புகழால் வந்த செருக்கு என அவர் கடிந்ததாகக் கூறுவர். செருக்கினாலா நான் நாத்திகனானேன் என்ற வினாவை எடுத்துக்கொண்டு அந்நாட்களிலேயே பகத் சிங் எழுதிய கட்டுரையைத் தமிழில் ஜீவானந்தம் பெயர்த்தார். 1930களின் நடுப்பகுதியிலே குடி அரசுப் பதிப்பகம் வெளியிட்டது. பிரித்தானிய அரசு சிறைக்கதவைத் திறந்தது. தமிழ் வாசகரிற் பலருக்கு இவ்விவாதத்தின் முதல் அறிமுகம் அச்சிறு நூலே.

அக்கட்டுரையிலே டார்வின் பெயர் வருகின்றது. உலகத் தோற்றமும் வருகின்றது. ஆனால் அதன் உயிர்நிலை அங்கில்லை. முற்பிறவி வினைதான் ஏழையின் துன்பத்துக்குக் காரணம் என்ற கொள்கை எவர்க்குப் பயன்படுகின்றது என்று கேட்குமிடத்திலே இருக்கின்றது. ‘நான்’ ஒழியவேண்டும் என்ற மரபின் சொல்லையே கொண்டு ரந்தீர் சிங் அவனை வீழ்த்த முயன்றார். அவனோ, மறுமையிலே எந்தப் பரிசையும் எதிர்பாராது தூக்குமேடை ஏறுவதில் எங்கே செருக்கு என்று கேட்டான். இருவருள் ‘நான்’ ஒழிந்தவர் யார் என்பதை வாசகர் தீர்மானிக்கலாம்.

இவற்றையெல்லாம் ஏட்டு விவகாரமென ஒதுக்குவோர் பஞ்சாபின் குடிசன மதிப்பு அறிக்கைகளைப் புரட்டிப் பார்ப்பாராக. ‘ஆசா தி வார்’ என்னும் பாடலிலே நானக், மன்னரையும் பெற்றெடுத்த பெண்ணைத் தாழ்த்துவது எங்ஙனம் தகும் என்ற கருத்தை முன்வைத்தார். பிள்ளைப்பேற்றுத் தீட்டை மறுக்குமிடத்தில், விறகிலும் சாணத்திலும் புழு உண்டு, தானியத்திலும் நீரிலும் உயிர் உண்டு, ஆகவே பிறப்பு தீட்டெனில் அடுப்படி முழுவதும் தீட்டே என்று கண்ணாற் கண்டதைக் கொண்டு வழக்காடினார். சீக்கிய ஒழுக்கக் கோவையும் பெண்சிசுக் கொலை புரிவோருடன் உறவு கூடாதென விதிக்கின்றது. இத்தனைக்கும் பின்னர், 2001ஆம் ஆண்டு மதிப்பின்படி ஆறு வயது வரையிலான பிள்ளைகளுள் சீக்கியரிடையே 1000 ஆண்களுக்கு 786 பெண்களே இருந்தனர். பஞ்சாப் மாநிலம் முழுவதற்கும் அது 798. அயல் மாநிலமான ஹரியானாவும் 819 என்றே காட்டியதால் இது ஒரு சமயத்தாரின் குற்றமன்று. நிலவுடைமையும் சீதனமும் கூடிப் பெற்ற பிள்ளை. கருவிலுள்ள சிசுவைக் காட்டும் ஸ்கான் பொறி விஞ்ஞானத்தின் செல்வம். அப்பொறியைப் பஞ்சாபின் வசதிபடைத்த குடும்பங்கள் தயக்கமின்றி வரவேற்றன. 1994இல் சட்டம் தடுத்தது. 2001இல் அகால் தக்த் ஆணை பிறப்பித்தது. 2011இல் மாநிலக் கணக்கு 846க்கு உயர்ந்தது. விஞ்ஞானத்தின் கருவி வீட்டுக்குள் வந்துவிட்டது. அதன் நோக்கு வாசலிலேயே நிறுத்தப்பட்டது. நானக்கின் வினாவும் அங்கேதான் நிற்கின்றது.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி 1920 ஒக்ரோபரில் அமிர்தசரசில் நடந்தது. தாழ்த்தப்பட்ட சாதியினராய்ச் சீக்கியம் தழுவியோர் பொற்கோயிலுக்குப் பிரசாதம் கொண்டு சென்றனர். கல்சாக் கல்லூரி ஆசிரியர் சிலர் துணைசென்றனர். பூசகர் ஏற்க மறுத்தனர். வழக்கப்படி கிரந்தத்தைத் திறந்து, கண்ணிற்படும் பாடலைக் கட்டளையாகக் கொள்வதெனத் தீர்மானமாயிற்று. வந்த பாடல் எளியவர்க்குச் சார்பாக அமைந்தது, பிரசாதம் ஏற்கப்பட்டது. அங்கிருந்து அகால் தக்துக்குச் சென்றபோது அங்கிருந்த பூசகர் இடத்தை விட்டே ஓடிவிட்டனர். சீக்கியக் கோயில்களை மக்கள் மீட்ட போராட்டத்துக்கு அதுவே கால்கோள். ஏட்டைத் திறந்து தீர்ப்புக் கேட்பது விஞ்ஞான முறையன்று என்பதை எவரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் அன்று அவ்வேட்டைத் திறந்தவர்கள் பெருவெடிப்பைத் தேடித் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற மனிதனுக்கு இடம் உண்டா என்று கேட்டே திறந்தனர்.

அவ்வினாவும் இன்னும் தீர்ந்தபாடில்லை. 2011 மதிப்பின்படி பஞ்சாப் மக்களுள் ஏறத்தாழ 32 சதவீதத்தினர் தலித் மக்கள். இந்திய மாநிலங்களுள் இதுவே மிக உயர்ந்த விகிதம். சிற்றூர்கள் பலவற்றில் அவர்களுக்குக் குருத்துவாராவும் வேறு, சுடலையும் வேறு. ஜலந்தரை அடுத்த தல்ஹன் என்னும் ஊரில், வழிபாட்டிட நிருவாகக் குழுவிலே தமக்கும் இடம் வேண்டுமென அவர்கள் கேட்டபோது, 2003இல் அங்கே கலகம் மூண்டது.