நாய்க்குத் திறந்த வாசல்

நியூயார்க்கை நாயோடு சுற்றிப்பார்ப்பது எப்படி என்று சொல்லும் கையேடுகள் அந்த நகரத்தில் ஏராளம். அவற்றைச் சுற்றுலாத் தகவலாக மட்டும் வாசித்துவிட்டுப் போய்விட முடியாது. ஒரு நகரம் யாரை உள்ளே விடுகிறது, யாரை வாசலில் நிறுத்துகிறது என்பதைச் சொல்லாமல் சொல்லும் பிரதிகள் அவை. புரூக்ளினில் நண்பர் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது அவருடைய நாயை வெளியே கூட்டிப்போகும் வேலை என்னுடையதாக இருந்தது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதைப் பேசுகிறேன்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடலாம். இன்பத்தைப் பற்றிப் பேசக் கூசுகிற விமர்சனத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சென்ட்ரல் பார்க்கில் காலை 9 மணிவரையிலும் இரவு 9 மணிக்குப் பிறகும் குறிப்பிட்ட இடங்களில் நாயை அவிழ்த்துவிடலாம். மற்ற நேரங்களில் கயிறு 6 அடிக்கு மேல் நீளக்கூடாது. பிராஸ்பெக்ட் பார்க்கில் நாய்கள் நீந்துவதற்கென்றே ஒரு கரை இருக்கிறது. சுரங்க ரயிலில் நாயை ஏதாவது ஒன்றுக்குள் அடைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. கன்னுக்குட்டி மாதிரியான நாயைப் பெரிய பையில் போட்டு, தலையை மட்டும் வெளியே நீட்டவிட்டுத் தோளில் சுமந்துபோகிறவர்கள் உண்டு. விதிக்கும் உட்பட்டாச்சு, விதியைக் கேலியும் பண்ணியாச்சு. சனங்களின் இந்த விளையாட்டு எனக்குப் பிடித்திருந்தது.

சிக்கல் தொடங்குவது வேறொரு இடத்தில். பூங்காவில் நான் தனியாக நடந்தபோது யாரும் என்னிடம் பேசியதில்லை. ஏறிட்டுப் பார்த்தவர்களின் பார்வையும் வேறு மாதிரி இருந்தது. நாயோடு போனால் நின்று பேசினார்கள், சிரித்தார்கள். நாயின் பெயரைக் கேட்டார்கள். என் பெயரைக் கேட்கவில்லை. கயிற்றின் அந்த முனையில் நாய் இருந்ததால் இந்த முனையில் இருந்த கறுத்த ஆள் ஆபத்தில்லாதவனாகிப்போனான். அப்படியானால் யார் யாரைக் கூட்டிப்போனது?

கையேடுகள் தவறாமல் அனுப்பிவைக்கும் இடம் பால்டோ சிலை. 1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, பனிச்சறுக்கு வண்டிகளில் மருந்தைக் கைமாற்றிக் கொண்டுபோனார்கள். கடைசிக் கட்டத்தை ஓடிய அணியின் தலைமை நாய் பால்டோ. அதைவிட அதிக தூரம் ஓடியது டோகோ என்ற நாய். வண்டியோட்டிகளில் பலர் அலாஸ்காவின் பூர்வகுடியினர். அவர்களுக்கு அந்தச் சிலையில் இடமில்லை. பொறுத்தல், விசுவாசம், அறிவு என்று மூன்று சொற்களைப் பொறித்திருக்கிறார்கள். முதல் இரண்டும் எந்த எஜமானும் வேலைக்காரனிடம் எதிர்பார்ப்பவைதானே.

அதே பூங்காவின் மேற்குப் பக்கம், 82ஆம் தெருவிலிருந்து 89ஆம் தெருவரை, செனிகா கிராமம் இருந்தது. ஏறத்தாழ 225 பேர், பெரும்பாலோர் கறுப்பர்கள். 250 டாலர் சொத்து இருந்தால்தான் கறுப்பர்கள் ஓட்டுப்போடலாம் என்றிருந்த காலத்தில் சொந்த நிலம் வைத்திருந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். பூங்காவுக்காக 1857இல் அந்தக் கிராமம் அழிக்கப்பட்டது. நினைவுப் பலகை 2001இல்தான் வந்தது. நாய்க்குச் சிலை அதே வருஷத்தில் கிடைத்துவிட்டது. மனிதர்களுக்கு ஒரு பலகை கிடைக்க 144 வருஷம் ஆனது.

இது பழைய கதை என்பவர்கள் டாம்ப்கின்ஸ் சதுக்கத்துக்கு வரட்டும். அந்த நகரத்தின் முதல் நாய்த்திடல் 1990இல் அமைந்தது அங்கேதான். வீடற்றவர்கள் கூடாரம் போட்டு வாழ்ந்ததும் அங்கேதான். 1991 ஜூனில் போலீஸ் கூடாரங்களை அப்புறப்படுத்தியது. பூங்காவைப் பூட்டி வேலி போட்டார்கள். பூட்டிய பூங்காவிலும் மூன்று வாசல்கள் போலீஸ் காவலோடு திறந்திருந்ததை நீல் ஸ்மித் 1996இல் வந்த தன் நூலில் பதிவு செய்கிறார். இரண்டு, குழந்தைகளின் விளையாட்டுத் திடலுக்கு. மூன்றாவது, வசதியானவர்களின் அடுக்குமாடிக்கு எதிரே, நாய்த்திடலுக்கு. நாய் உள்ளே போகலாம், அதன் உரிமையாளரும் போகலாம். நேற்றுவரை அங்கே படுத்துறங்கியவன் போக முடியாது. பொதுவெளி என்ற சொல்லை அந்த மூன்றாவது வாசலை வைத்துத்தான் நான் வாசிக்கிறேன்.

2020 மே 25. சென்ட்ரல் பார்க்கில், எந்நேரமும் நாயைக் கட்டியே வைத்திருக்க வேண்டிய ஒரு பகுதி. பறவை பார்க்க வந்த கறுப்பர் ஒருவர், நாயைக் கட்டுங்கள் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் சொன்னார். கறுப்பர் ஒருவர் மிரட்டுவதாக அந்தப் பெண் போலீஸுக்குப் போன் செய்தார். விதியை மீறியவர் பாதிக்கப்பட்டவரானார். விதியைச் சொன்னவர் அச்சுறுத்தலானார். அதே நாளில் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை ஒரு போலீஸ்காரரின் முழங்கால் அழுத்திக் கொன்றது. அந்த ஒரு போன் என்னவாக முடிந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்கனைத் திட்டி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ஆங்கிலத்துக்குப் ‘பரியா’ என்ற சொல்லைக் கொடுத்தது தமிழ். பறையர் என்ற சாதிப்பெயரை, ஒதுக்கப்பட்டவர் எவருக்குமான பொதுச்சொல்லாக வெள்ளையர்கள் மாற்றினார்கள். பிறகு தெருநாய்க்கும் அதையே வைத்தார்கள். ‘இந்தியப் பரியா நாய்’ என்ற பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரன் மட்டுமா வைத்தான்? நாம் வகுத்துவைத்திருந்த தெருக்களைப் பார்த்துத்தானே வைத்தான். 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நாய் நடக்கலாம், ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது. பெரியார் சிறைக்குப் போனது அந்தத் தெருக்களுக்காக.

நாய்மீது எனக்குப் புகார் ஏதுமில்லை. அதற்குத் திறந்த வாசலைச் சாத்தச் சொல்லவும் இல்லை. யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எனக்கு வாசல் திறக்கிறது, அதே வாசலில் யார் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். கயிற்றைப் பிடித்திருக்கும் கை எப்போதும் தன்னுடையதே என்று நினைக்கிறவர்களுக்கு அந்த வாசல் கண்ணில் படுவதில்லை.