புனே காட்டிய இரு வழிகள்

தமிழ் எழுத்தைக் கணினி வழியே தாளில் குறித்த இடத்தில் நிறுத்துவது எப்படி? இதற்கு இரண்டு விடைகள் புனேயிலிருந்து வந்தன. ஒன்று அரசு நிறுவனமான சி-டாக் தந்தது. மற்றது மாடுலர் இன்ஃபோடெக் நிறுவனத்தின் ஸ்ரீலிபி. இரண்டையும் ஒரே உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்: வேறு கணினிக்குப் போனாலும், நடுவே நான்கு வரி சேர்த்தாலும், எழுத்து வைத்த இடத்தில் நிற்கிறதா?

1988இல் தொடங்கிய சி-டாக், கான்பூர் ஐஐடியில் பிறந்த, இந்திய எழுத்துகளுக்கான ஜிஸ்ட் தொழில்நுட்பத்தை எடுத்து வளர்த்தது. அந்த வழியில் வந்த இஸ்கி குறியீடு 1991இல் இந்தியத் தரமாயிற்று. ‘கொ’ என்று அடித்தால் இஸ்கி சேமிப்பது ககரத்தையும் அடுத்து ஒகரக் குறியையும்தான். கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைப்பது காட்டும் கருவியின் பொறுப்பு. யூனிகோடின் தமிழ்ப் பகுதியும் இந்த அடித்தளத்தில்தான் எழுந்தது.

ஸ்ரீலிபியின் பழைய எழுத்துருக்களிலோ கொம்பு, ககரம், கால் மூன்றும் தனித்தனி வடிவத் துண்டுகள். இதைக் குறை சொல்வது எளிது. ஆனால் பக்க வடிவமைப்பு மென்பொருளான அன்றைய பேஜ்மேக்கருக்கு இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. சி-டாக்கே அச்சு வேலைக்கு இஸ்ஃபாக் என்ற துண்டு வடிவ எழுத்துருக்களைத்தான் தர வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு டிடிபி கடைகளில் இத்தகைய எழுத்துருக்கள் பரவியதற்கு வலுவான காரணம் உண்டு: கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைக்கூடச் சரிசெய்ய முடிந்தது. அந்த நுணுக்கம் மதிக்கத்தக்கது. விலைதான் பெரிது. அதே எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் புரியாத குறிகள். யூனிகோடில் அடித்துச் சொல்லைத் தேட முடியாது, அகர வரிசைப்படுத்த முடியாது, மறுபதிப்புக்கு எழுத்துரு மாற்றியை நாட வேண்டும்.

கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் போதும் என்ற இந்தப் பழக்கம் வேர்டிலும் தொடர்கிறது. எனக்கு உண்மையான கவலை இதுதான். விண்ணப்பத்தில் ‘பெயர்’, ‘முகவரி’, ‘தொலைபேசி எண்’ ஆகியவற்றுக்கு எதிரே முக்காற்புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்க, பலர் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போகிறார்கள். தமிழில் ரகரம் ஒடுக்கம், ணகரம் அகலம். வெற்றிடங்களின் எண்ணிக்கையால் கோடு நேராவது தற்செயல். லதா எழுத்துருவை நிர்மலாவாக மாற்றிய கணத்தில் எல்லாம் சிதறும். மாறாக, டேப் நிறுத்தத்தை வேர்டு அங்குலத்தின் 1440இல் ஒரு பங்கு அளவில் சேமிக்கிறது. எழுத்துரு மாறினாலும் அந்தத் தூரம் மாறாது. டேப்புக்கும் எல்லை உண்டு: நீண்ட சொல் நிறுத்தத்தைத் தாண்டினால் முக்காற்புள்ளி அடுத்த நிறுத்தத்துக்குத் தாவிவிடும். அங்கே கோடு மறைத்த அட்டவணையே தக்கது.

டெக்ஸ்ட் பாக்ஸை அளவுக்கு மீறி நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஒரு பத்தியோடு நங்கூரமிட்டது. மேலே வரி கூடினால் பெட்டியும் இறங்கும். இடத்தைத் தாளின் விளிம்பிலிருந்து அளக்கச் சொன்னால் அந்தப் பக்கத்தில் நிலைக்கும். பத்தியே அடுத்த பக்கத்துக்குப் போனால் அதுவும் கூடவே போகும். முன்பே அச்சிட்ட சான்றிதழ், காசோலை போன்ற ஒரு பக்க வேலைக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஐம்பது பக்க அறிக்கைக்கு இது தொல்லை. வரி இடைவெளியைத் துல்லிய அளவில் பூட்டும்போதும் கவனம் வேண்டும். இடம் குறைந்தால் எழுத்துகளின் ஒரு பகுதி வெட்டுப்படும்.

என் தீர்ப்பில் தயக்கம் இல்லை. இஸ்கியின் நிலைதான் சரி: எழுத்து எழுத்தாகச் சேமிக்கப்பட வேண்டும். அதே போக்கில், அது நிற்கும் இடத்தைப் பத்தியின் அமைப்பு சொல்ல வேண்டும். துண்டு வடிவ எழுத்துருக்கள் ஒரு காலத்தின் தேவையை நிறைவேற்றின. இன்று புதிய கோப்பை அவற்றில் தொடங்க நியாயமே இல்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அந்தக் கோப்புகளை இன்னும் வைத்திருக்கும் பதிப்பகங்கள், அவற்றைத் திறக்கும் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும்.